பதினாறாம் கட்டத்தில் போட்ட சரி

கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலையில் நான் வேலை செய்யும் அட்டைப்பெட்டி ஆலையில், பெட்டரிகளை சார்ஜ் செய்ய ஒதுக்கிய அறை முன்பு தொழிலாளர்களின் கழிவறையாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆலையில் யாரும் அதைச் சொல்வதில்லை. பழைய ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கோப்பைகளைப் பிடுங்கி எடுத்து, குழிகளைச் சீமெந்தால் அடைத்து, சுவரில் இடுப்பளவு ஒட்டியிருந்த வெள்ளை டைல்களை அப்படியே விட்டிருந்தார்கள். சீமெந்து நன்றாகப் பிடிக்கவில்லை. மழை பெய்த மறுநாள் தரை வெடிப்புகளிலிருந்து பழைய மூத்திர வாடை எழும்பி வரும். அதன் மேல் பெட்டரி அசிட்டின் வாடை. மூக்குக்குள் எங்கோ ஓரிடத்தில் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். மாலையில் வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும், பிள்ளையின் தலையை முகர்ந்தால் அதிலும் அந்த வாடை அடிப்பதுபோல் இருக்கும். வாடை பிள்ளையின் தலையில் இல்லை, என் மூக்கில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு முறை முகர்ந்து பார்ப்பேன்.

நான் அங்கே பராமரிப்புப் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளர். மின்சாரத்தில் உயர் டிப்ளோமா முடித்தவள். படித்தவள் என்பதால் என் வேலையில் பாதி, தாள் நிரப்புவது. புதிதாக ஒரு இயந்திரத்தைப் பொருத்திப் பூட்டினால், அதை ஓடவிடுவதற்கு முன் ஒரு பரிசோதனைத் தாளில் பதினெட்டுக் கட்டங்களில் நான் சரி போட்டு, கீழே கையெழுத்து வைக்க வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் எதையும் ஓடவிடக்கூடாது என்பது ஆலையின் விதி. அப்போது நான் பிரசவ விடுமுறை முடிந்து வந்து நான்கு மாதம். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் மனேஜரின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய கடிதம். என் கணவர் வீடு வீடாகப் போய்க் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவர். பரீட்சை முடிந்த மாதங்களில் வீட்டில்தான் இருப்பார். அந்தக் கடிதம் எங்களுக்கு என்னவென்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அந்த அறைக்கும் பெண்களின் ஓய்வறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு வரிசை ஓட்டைக் கற்கள். கழிவறையாக இருந்த காலத்தில் காற்றுப் போவதற்காக வைத்தது. கழிவறைக் காற்று பெண்கள் உடுப்பு மாற்றும் அறைக்குள் போகட்டும் என்று முடிவு செய்த மனிதனைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஓய்வறையில் பெண்கள் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு மின் கேத்தல் உண்டு. ஒரு மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, நாளுக்கு இரண்டு முறை நான் தாய்ப்பால் எடுத்துப் போத்தலில் சேர்ப்பேன். அந்த வாடையைச் சுவாசித்துக்கொண்டுதான் எடுப்பேன். பாலில் வாடை ஏறாது என்று தாதி சொன்னார். நம்பினேன், முழுதாக அல்ல.

ஆலையில் காகிதச் சுருள்களைத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டிகள் பெட்டரியில் ஓடுபவை. ஒவ்வொரு பெட்டரியும் ஒரு பெரிய டிரங்குப்பெட்டி அளவு. பழைய சார்ஜர் செத்துவிட்டதால் புதிதாக ஒரு பெரிய ரெக்டிபயர் வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் சீராக்கி என்று படித்தோம். திசை மாறி மாறி வரும் மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவைத்துப் பெட்டரிக்குள் ஏற்றும் இரும்புப் பெட்டி. அதனிடம் பயப்பட வேண்டியது மின்சாரத்துக்கு மட்டுமல்ல. சார்ஜ் நிறைகிற நேரத்தில் பெட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் பிரிந்து ஐதரசன் வாயு வெளியே வரும். நிறமில்லை, மணமில்லை. காற்றைவிட இலேசு, ஆகவே மேலே ஏறிக் கூரையின் கீழ் தேங்கும். பிறகு ஒரு பொறி போதும். அதனால்தான், காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் விசிறி ஓடாமல் அப்படிப்பட்ட அறையில் ரெக்டிபயரை ஓடவிடக்கூடாது. என் தாளில் அது பதினாறாம் கட்டம்.

பூட்டும் வேலையைச் செய்தவர் மடவளையிலிருந்து வரும் எங்கள் எலெக்ட்ரீஷியன். என்னைவிடச் சில வயது மூத்தவர். எல்லாரையும் போல நானும் அவரை நானா, அதாவது அண்ணன், என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். முதல் நாள் முழுக்க அறையைச் சுத்தம் செய்தோம். பழைய சார்ஜர் நின்ற மூலையில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு பொருக்கு, சொறி பிடித்த தோல் மாதிரி. யாரோ அதைத் துடைத்து எறிந்த துணியைக் குச்சியால் தூக்கினேன். அசிட் தின்று சல்லடையாகியிருந்தது. டைல்களில் வெற்றிலைத் துப்பல், ஒன்றின் மேல் ஒன்றாக. ஓரத்தில் ஒரு சோற்றுப் பார்சலின் தாள், அதில் காய்ந்து ஒட்டிய பருப்பு. இந்த அறைக்குள் உட்கார்ந்து ஒரு மனிதன் சோறு தின்றிருக்கிறான். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குக் குமட்டியது. பிறகு, அவனுக்கு உட்காரக் கிடைத்த இடம் அதுதானே என்று தோன்றி, குமட்டியதற்காக வெட்கப்பட்டேன். அப்பச்சோடா கரைத்த தண்ணீரைத் தரையில் ஊற்றினோம். நுரைத்துக் கொதித்தது. அடைத்த குழிகளுக்குள்ளேயும் ஏதோ நுரைத்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நானா, மோதிரம்," என்றேன், அவர் ஸ்பேனரை எடுத்ததும்.

"இது வெள்ளி மிஸ். ஒண்டும் செய்யா."

"வெள்ளிதான் கரண்ட நல்லாக் கடத்தும். கழட்டுங்க. மணிக்கூட்டையும் கழட்டுங்க."

"கலியாணம் முடிச்ச நாள்லேருந்து பொஞ்சாதி சொல்லியும் கழட்டாத மோதிரம் இது."

"பெட்டரி முனையில பட்டா மோதிரமும் விரலும் சேந்தே கழண்டுரும்."

"படிச்ச புள்ளைகளுக்கு காலேஜில பயத்தத்தான் சொல்லிக்குடுக்கிற போல." ஆனாலும் கழற்றி, சட்டைப் பைக்குள் போட்டு, பையை இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. ரெக்டிபயரைப் பெட்டரிகளுக்கு நேர் மேலே வைக்காமல், எதிர்ச் சுவரில், தரையைக் கழுவினால் தண்ணீர் படாத உயரத்தில் இரும்புச் சட்டம் அடித்து ஏற்றினோம். சூடு போகப் பின்னால் ஒரு சாண் இடைவெளி. மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரதான சுவிட்சை அறைக்கு உள்ளே வைக்காமல் வெளியே, கதவுக்குப் பக்கத்தில். எர்த் வயரை நானா இரண்டு முறை அளந்தார், நான் மூன்றாம் முறை அளந்தேன். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நின்றதைக் கேட்டு அவர் சிரித்தார்.

"வூட்டுல கேஸ் அடுப்ப எத்தன தரம் பாப்பீங்க மிஸ்?"

"மூணு."

"பொய். நாலு ஈக்கும்."

நான்குதான். ஆனால் அந்த இயந்திரமும் என்னைப் போல என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. விசிறி ஓடுகிறதா என்று அதுவே பார்க்கும். விசிறியிலிருந்து இரண்டு வயர்கள் வந்து ரெக்டிபயருக்குள் இரண்டு முனைகளில் சேர வேண்டும். விசிறி நின்றால் ரெக்டிபயரும் நின்றுவிடும். அதை வடிவமைத்த யாரோ, என்னைப் போலவே எதையும் ஒரு முறைக்கு மேல் பார்க்கிறவர் என்று நினைத்துக்கொண்டேன்.

விசிறி புதன்கிழமை காலைதான் வந்தது. அதைப் பூட்டச் சுவரில் துளை போட வேண்டும். மேசன் வரவில்லை. ரெக்டிபயரை ஓடவிடுவதற்கான நெகத, அதாவது சுபவேளை, வியாழக்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டு. முதலாளி மனைவியோடு வருகிறார், விளக்கேற்றிப் பால்சோறு கொடுத்துத் தொடங்கிவைப்பார். நல்ல நேரம் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்களும் புது வீட்டுக்குப் போனால் பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு மந்திரிக்கிறவர்கள்தான். பிரச்சினை நேரமில்லை. அந்த நேரத்துக்காக மனேஜர் செய்தவைதான்.

மனேஜர் எப்போதும் கராம்பு மெல்லுகிறவர். பேசும்போது அந்த மணம் முன்னால் வரும், பின்னால்தான் சொல் வரும். புதன் பின்னேரம் அவர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. சிங்களத்தில்தான் பேசினோம். என்னை நங்கி, தங்கை, என்றுதான் கூப்பிடுவார்.

"நங்கி, பதினாறு ஏன் வெறுமையா இருக்கு?"

"ஃபேன் பூட்டல்லையே சேர்."

"ஃபேன் வந்திருச்சுதானே. கண்ணால பார்த்தீங்கதானே?"

"பெட்டிக்குள்ள இருக்கு சேர்."

"பெட்டிக்குள்ள இருந்தாலும் அது ஃபேன்தானே?" தன் பகிடிக்குத் தானே சிரித்தார். "மேசன் விடியக்காலையிலேயே வருவான். பத்து மணிக்கு முன்னால பூட்டியாச்சு. நான் பொறுப்பு."

பிறகு நானாவிடம், ரெக்டிபயர் வேலை செய்கிறதா என்று இப்போதே காட்டச் சொன்னார். விசிறி இல்லாமல் அது ஓடாது என்று நானா சொன்னார். "அப்ப அந்த ரெண்டு முனைக்கும் ஒரு வயர்த் துண்டு போடுங்க. நீங்களும் எலெக்ட்ரீஷியன்தானே?" நானா என்னைப் பார்த்தார். கதவைத் திறந்துவைத்து, ஐந்து நிமிடத்துக்கு என்று நான் சொன்னேன். விரல் நீளச் சிவப்பு வயர் ஒன்றை நானா போட்டார். இயந்திரம் ஏமாந்துவிட்டது. விசிறி ஓடுகிறது என்று நம்பிப் பச்சை விளக்குக் காட்டியது. ஐந்து நிமிடத்தில் நிறுத்தினோம். நானா வயரைக் கழற்றக் கை நீட்டியபோது மனேஜர், "இருக்கட்டும், காலையில ஃபேனப் பூட்டும்போது கழட்டலாம்," என்றார்.

அப்போதுதான் என் தொலைபேசி அடித்தது. மாமியார்.

"பிள்ளைக்கு மேல் கொதிக்குதும்மா. பால் குடிக்க மாட்டேங்குது, ஒரே அழுகை. நீ எப்ப வர்றே?"

"இந்தா வந்துர்றேன் அத்தே."

மனேஜர் பேனாவை நீட்டினார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. "பிள்ளைக்குச் சுகமில்லையா? ஐயோ, வெச்சிட்டு ஓடுங்க நங்கி. நாளைக்குக் காலையில ஷோர்ட் லீவும் எடுங்க. உங்க கடிதமும் என் மேசையிலதானே கிடக்கு, இந்தக் கிழமைக்குள்ள முடிச்சிரலாம்."

நான் போட்டேன். மற்றப் பதினேழு சரிகளைப் போட்ட அதே வேகத்தில் பதினாறாவதையும் போட்டேன். எர்த் வயரை மூன்று முறை அளந்தவள், இதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் போடுவது எவ்வளவு எளிது என்பது எனக்கு அதுவரை தெரியாது. வீடு இருக்கும் தென்னக்கும்புர வரைக்கும் பஸ்ஸில் நின்றபடி, விடிய மேசன் வந்துவிடுவான், வந்துவிடுவான் என்று செபம் போலச் சொல்லிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை பிள்ளையைக் கண்டிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் வாயைத் திறந்து பார்த்துச் சிரித்தார். கீழ் ஈறில் குறுநொய் அளவு வெள்ளையாக ஒன்று.

"பல்லு வருது. வேற ஒண்ணும் இல்ல."

என் கணவர் சந்தோஷத்தில் பிள்ளையை மேலே தூக்கினார். நானும் சிரித்தேன். படியிறங்கும்போது பதினாறாம் கட்டம் மறுபடி நினைவுக்கு வந்தது. ஒரு பல்லுக்காகவா அந்தக் கையெழுத்தைக் கொடுத்தேன்? கொடிய நோயாக இருந்திருந்தால் கொடுத்தது சரியாகியிருக்குமா? அதுவும் இல்லை. அப்படி நினைத்ததற்காகவும் என்மேல் எரிச்சல் வந்தது. பிள்ளையைக் கணவரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆலை வழியாகப் போகும் திகன பஸ்ஸில் ஏறினேன்.

ஆலைக்குள் போனபோது பத்து இருபது. காலையிலிருந்து பால் எடுக்காததால் மார்பு கட்டி வலித்தது, சட்டை நனையத் தொடங்கியிருந்தது. நேராகப் பெண்களின் ஓய்வறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் தொண்டையில் குத்தியது. அடிக்கும் வாடை பழக்கமானதுதான், ஆனால் பத்து மடங்கு. அசிட் ஆவி. பொதி செய்யும் பிரிவில் வேலை செய்யும் ஒரு அக்கா, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"என்னாம்மா ஒங்க புது மெசினு, தொண்டைய அறுக்குது? காலையிலருந்து இப்பிடித்தான். கக்கூஸா இருந்தப்பவே தேவல. இரு, சுடுதண்ணி வச்சிக் குடிப்போம்."

அவர் கை கேத்தல் சுவிட்சை நோக்கிப் போனது.

"அக்கா, போடாதீங்க!"

நான் கத்தியதில் அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "என்னாடி, கரண்டு அடிக்குமா?"

"எதையும் போடாதீங்க, லைட்டக்கூடத் தொடாதீங்க. எல்லாரும் வெளிய போங்க. கதவத் திறந்தபடியே விடுங்க."

காலையிலிருந்து என்றால்? ஐதரசனுக்கு மணமில்லை, ஆனால் அசிட் ஆவி அந்த ஓட்டைக் கற்கள் வழியாக இங்கே வருகிறதென்றால், அதோடு சேர்ந்து அதுவும் வருகிறது. சுற்றி ஓடி அந்த அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரெக்டிபயரின் முனகல். வாசலில் ஸ்டோர் கீப்பர் வெற்றிலை அடுக்கிய தட்டோடு நின்றார்.

"இது எப்ப ஓடவிட்டது?"

"விடியக்காலை ஆறு மணிக்கு, மனேஜர் சேர்தான். முதலாளி முன்னால ஓடாமப் போனா வெட்கம்தானே மிஸ்? அதான் முதல்லயே ஓடவிட்டுப் பார்த்தார். பத்து நாற்பதுக்கு நிறுத்திட்டு, நாற்பத்திரண்டுக்கு முதலாளி போடுவார்."

சுபவேளைக்காக எல்லாவற்றையும் அவசரப்படுத்தியவர், சுபவேளையையே ஏமாற்றியிருந்தார். கதவை ஏன் சாத்தினீர்கள் என்று கேட்டேன். கழிவறை வாடை வெளியே வந்தால் முதலாளியின் மனைவிக்குப் பிடிக்காது, சாத்தச் சொன்னதும் மனேஜர்தான் என்றார்.

கதவைத் தள்ளித் திறந்தேன். மேசன் வந்த தடயம் எதுவும் இல்லை. சுவர் முழுச் சுவராக நின்றது. அறை நடுவில், ரெக்டிபயருக்கு முன்னால், வெள்ளைத் துணி விரித்த ஒரு மேடை. அதன் மேல் திரி போட்ட பித்தளை விளக்கு, ஊதுபத்திக் கட்டு, நெருப்புப்பெட்டி. துணியின் ஓரம் சற்று விலகியிருந்தது. அடியில் இருந்தது விசிறி வந்த அட்டைப்பெட்டி. பிரிக்காத பெட்டி. அதன் மேல்தான் விளக்கை வைத்திருந்தார்கள்.

வாந்தி வந்துவிடும் போலிருந்தது. வாடையினாலா, அந்த வெள்ளைத் துணியினாலா தெரியவில்லை. ரெக்டிபயரின் முனைகளில் சிவப்பு வயர்த் துண்டு அப்படியே இருந்தது.

வெளியே வந்து பிரதான சுவிட்சை இறக்கினேன். முனகல் நின்றது. என் கழுத்தில் ஒரு சிவப்புப் பூட்டின் சாவி உண்டு. பராமரிப்பு வேலை நடக்கும்போது யாரும் தெரியாமல் மின்சாரத்தைப் போட்டுவிடாமல் சுவிட்சில் மாட்டும் பூட்டு. பையிலிருந்து அதை எடுத்து மாட்டினேன். இரண்டாம் தரம்தான் பூட்டியது. பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தேன், இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன். மறுபடி உள்ளே போய் நெருப்புப்பெட்டியை எடுத்து என் பைக்குள் போட்டேன். நானா ஓடி வந்தார்.

"பெட்டரிக் கேபிள யாரும் தொட வேணாம் நானா, பொறி பறக்கும். கதவு திறந்தே கிடக்கட்டும்."

"மிஸ், முதலாளிட கார் கேட்டுக்குக் கிட்ட வந்துட்டு."

மனேஜர் முன்னால் வந்தார், பின்னால் முதலாளியும் மனைவியும், பால்சோற்றுத் தட்டோடு கன்டீன்காரர். பூட்டைக் கண்டதும் மனேஜரின் முகம் மாறியது. எனக்கு மட்டும் கேட்கும்படி, கராம்பு மணக்கச் சொன்னார்: "நங்கி, நேரம் போகுது. கழட்டு." அன்றுதான் முதல்முறையாக என்னை ஒருமையில் பேசினார்.

"உள்ள வாயு நிறைஞ்சு இருக்கு சேர். நெருப்பு வைக்க முடியாது."

அவர் உடனே குரலை உயர்த்தினார், முதலாளிக்கும் கேட்கட்டும் என்று. "என்ன இது புதுக் கதை? எல்லாம் சரியென்று நேற்று கையெழுத்துப் போட்டது நீங்கதானே? தாள் என்கிட்ட இருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சட்டையில் பால் நனைந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இந்த இடத்தில் அழகாக ஏதாவது சொல்லியிருந்தேன் என்று எழுத ஆசைதான். எனக்கு வந்தது இவ்வளவுதான்.

"ஆமா சேர். பொய்யாப் போட்டேன். ஃபேன் இல்ல. அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு, விளக்குக்குக் கீழ."

முதலாளியின் மனைவி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இங்க கக்கூஸ் நாறுதே," என்றார்.

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். "அப்ப விளக்க வெளியில ஏத்துவோமே. அதுக்கென்ன? சீக்கிரம், பால்சோறு ஆறுது."

அவ்வளவுதான். அதற்குமேல் அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை. காரியாலயத்துக்கு முன்னால் ஒரு மேசை போட்டார்கள். காரோட்டியின் லைட்டரால், பத்து நாற்பத்திரண்டுக்கு விளக்கு எரிந்தது. எல்லாரும் கும்பிட்டார்கள், படம் எடுத்தார்கள். ரெக்டிபயரை ஓடவிட வேண்டும் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. இந்த மனிதருக்குப் பயந்துதான் மனேஜர் இயந்திரத்தை ஏமாற்றினார், மனேஜருக்குப் பயந்துதான் நான் தாளை ஏமாற்றினேன். அவரோ வெளியே ஏற்றுவோமே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஓய்வறைக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பால்சோறு போனது. என் பங்கை வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தார்கள். வழவழவென்று, இளஞ்சூடாக இருந்தது. விரல் வைக்க முடியவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் நாய்க்குப் போட்டேன்.

பின்னேரம், காற்று நன்றாகப் போய்விட்ட பிறகு, நானா உள்ளே போய்ச் சிவப்பு வயரைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"போட்டது நான்தானே. எனக்கும் திட்டு ஈக்கும்."

"ஒங்க பேரு தாள்ல இல்ல நானா. என் பேருதான் இருக்கு."

"அப்ப படிச்சது பிழையாப் போச்சு மிஸ். நான் பத்தாம் வகுப்போட நிப்பாட்டினது எவ்வளவு நல்லம்." சிரிக்கவைக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை என்றதும், வயர்த் துண்டை விரலில் சுற்றியபடி நின்றார். "காலையில நானும் வந்து பாத்திருக்கணும். பாக்கல்ல. மேசன் வந்திருப்பான்னு நினச்சன்."

மேசன் சனிக்கிழமை வந்தான். துளை போட்டு, விசிறி பூட்டி, அதன் வயர்களை ரெக்டிபயரில் சேர்த்தோம். ஓட்டைக் கற்களையும் அடைக்கச் சொன்னேன். விசிறியை நிறுத்தினால் ரெக்டிபயர் நிற்கிறதா என்று ஐந்து முறை பார்த்தேன். ஐந்து முறையும் நின்றது. புதிய தாள் ஒன்றை நிரப்பினேன். அந்த வேலையில் எனக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை. அறை இன்னும் நாறியது.

திங்கட்கிழமை மனேஜர் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கடிதங்கள். ஒன்று என் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீடிக்கப்படுகிறது என்று. மற்றது எச்சரிக்கைக் கடிதம். பொருத்தப்படாத விசிறியைப் பொருத்தப்பட்டதாகப் பரிசோதனைத் தாளில் பதிந்ததன் மூலம் ஊழியர்களின் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தியதற்காக. கீழே நான் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட ஓர் இடம்.

மூன்று முறை வாசித்தேன். எங்காவது ஒரு பொய் கிடைக்கும், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம் என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. எல்லாம் உண்மை. ஆறு மணிக்கு இயந்திரத்தை ஓடவிட்டவர் யார், சிவப்பு வயரைப் போடச் சொன்னவர் யார், கதவைச் சாத்தச் சொன்னவர் யார் என்பது மட்டும் அந்த உண்மைக்குள் இல்லை. எதிரே உட்கார்ந்து அவர் அமைதியாகக் கராம்பு மென்றுகொண்டிருந்தார். கூரையின் கீழ் தேங்கிய வாயுவைவிட அந்த மெல்லும் சத்தம் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் அருவருப்பு அவரோடு நிற்கவில்லை. கேத்தல் சுவிட்சை நோக்கி நீண்ட அந்த அக்காவின் கை ஞாபகத்துக்கு வந்தது. கையெழுத்துக்கும் அந்தச் சுவிட்சுக்கும் நடுவில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் பத்து நிமிடம் பிந்தி வந்திருந்தால் நானும் இருந்திருக்க மாட்டேன்.

கையெழுத்து வைக்கும் இடத்துக்கு மேலே கொஞ்சம் வெறுமை இருந்தது. பேனாவை எடுத்து அதில் எழுதத் தொடங்கினேன்.

"என்ன எழுதுறீங்க?" என்றார் மனேஜர்.

"கொஞ்சம் இருங்க சேர்."

சிவப்பு வயரைப் போடச் சொன்னது யாரென்று ஒரு வரி. இயந்திரத்தை ஆறு மணிக்கு ஓடவிட்டது யாரென்று ஒரு வரி. அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார், தாளைப் பிடித்து இழுப்பார் என்று பயந்து இடது கையால் அழுத்திக்கொண்டேன். மூன்றாவது வரியை எழுதத்தான் நேரம் எடுத்தது. விசிறி பூட்டப்படவில்லை என்பது கையெழுத்திடும்போது எனக்குத் தெரியும் என்று எழுதினேன். எழுதியதை ஒரு முறை வாசித்துவிட்டு, கையெழுத்தை வைத்தேன்.